நிற்கிற காலைக் கேளுங்க!

கராத்தேயில் கை வீசுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், கால் மாறுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று போன இதழில் ஒரு வரி எழுதினேன். பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரமே பேனாவைத் தூக்கிவிட்டது. வாங்க, ஒவ்வொருத்தராக.

ப்ளஸ் டூ மாணவர், பாப்பிரெட்டிப்பட்டி: ஓர் அடி முன்னால் வைக்கும்போது வேலை செய்வது எந்தக் கால்?

நிற்கிற கால். நகர்கிற கால் ஓசியில் சவாரி போகிறது.

அதே மாணவர்: புரியவில்லையே?

தரையைப் பின்னால் தள்ளினால் தரை உங்களை முன்னால் தள்ளும். நியூட்டன் 1687-லேயே ‘பிரின்சிபியா’வில் எழுதிவிட்டார். காற்றில் தொங்குகிற காலால் எதைத் தள்ளுவீங்க, காற்றையா?

கராத்தே மாஸ்டர், கடத்தூர்: ஜென்குட்ஸு தாச்சியிலிருந்து அடுத்த ஜென்குட்ஸு தாச்சிக்குப் போகும் ஒரே ஓர் அடியைப் பிரித்துச் சொல்லுங்கள். என் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

உங்களுக்காக மட்டும் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன் மாஸ்டர்.

ஜென்குட்ஸு தாச்சியில் முன்முட்டி மடங்கி, பின்கால் நீண்டு நிற்கிறீர்கள். எடையில் நூற்றுக்குச் சுமார் 60 பங்கு முன்னால், 40 பின்னால். பின்கால் தரையை ஓர் உந்து உந்திவிட்டுக் கிளம்பும். தரையை விட்டதும் அதன் உத்தியோகம் முடிந்தது. அந்த நொடியில் முன்பாதம் அசையாமல் தரையைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். கை வைத்துப் பாருங்கள், பின்தொடையும் புட்டமும் கல்லாகியிருக்கும். இடுப்பு வழுக்கிக்கொண்டு முன்காலுக்கு மேல் வந்து உட்காரும்.

நகர்கிற பாதம் தரையை உரசியும் உரசாமலும் உள்ளே வந்து, நிற்கிற கணுக்காலை ஒட்டிக் கடந்து, பிறை மாதிரி வளைந்து வெளியே போகும். அந்த நேரத்தில் இரண்டு முட்டியும் மடங்கியே இருக்கணும். பாதி வழி தாண்டியதும் நிற்கிற காலுக்கு வேறு வேலை. இதுவரை இழுத்தது, இனி தள்ளும். முட்டி நீளும், குதிகால் தரையை அமுக்கும், இடுப்பு திரும்பும். அந்தத் திருப்பத்தில் ஏறிக்கொண்டுதான் குத்து கிளம்புகிறது.

இழு, கட, தள்ளு. மூன்றையும் ஒரே கால் செய்கிறது, கைதட்டல் முஷ்டிக்குப் போகிறது.

டிப்ளமோ மாணவர், அரூர்: பிறை மாதிரி ஏன் வளைய வேண்டும்? நேர்கோடு குறுக்குவழி இல்லையா?

எடை முழுவதும் ஒற்றைக் காலில் வரும் நொடியில், இன்னொரு கால் எங்கோ வெளியே தொங்கினால் உடம்பு அந்தப் பக்கம் சாயும். சாய்வதைத் தடுக்க இடுப்பு எதிர்ப்பக்கம் வெட்டும். இடுப்பு வெட்டுவது கரகாட்டத்துக்கு அழகு. இங்கே அது எதிராளிக்கு அடிக்கிற தந்தி.

ஆரஞ்சு பெல்ட் மாணவி, பொம்மிடி: நான் முன்னே போகும்போது தலை மேலே ஏறி இறங்குகிறது என்று மாஸ்டர் திட்டுகிறார்.

திட்டட்டும், நியாயம் அவர் பக்கம். சாதாரணமாக நடக்கும்போது நாம் நேரான காலின் மேல் ஏறி இறங்குகிறோம். உடம்பின் மையம் ஒவ்வோர் அடிக்கும் சில சென்டிமீட்டர் உயர்ந்து தாழும். சக்தியை மிச்சம் பிடிக்க இயற்கை கண்டுபிடித்த வழி அது. கராத்தே அந்த மிச்சத்தை வேண்டாம் என்கிறது. முட்டியை மடக்கியே கடக்கச் சொல்கிறது. கூலியைத் தொடை கொடுக்கிறது.

துணி காயப்போடும் கொடியை, முட்டி மடக்கி நிற்கும்போது உங்கள் உச்சந்தலைக்கு ஒரு விரல் மேலே வரும்படி கட்டி, அதன் கீழேயே போய் வாருங்கள். தலை இடித்தால் முட்டி நிமிர்ந்துவிட்டது என்று அர்த்தம். தொடை எரிந்தால் பாஸ்.

மஞ்சள் வியாபாரி, பாப்பிரெட்டிப்பட்டி: கிளம்பும் முன் முன்பாதத்தை லேசாக வெளியே திருப்பிக்கொண்டால் சுலபமாக இருக்கிறதே?

எதிராளிக்கும் சுலபம். நீங்கள் வரப்போவதைப் பாதமே சொல்லிவிடுகிறது. திருப்பித்தான் ஆகணும் என்றால் கால்கள் கடக்கும்போது கொஞ்சம் திருப்புங்கள். வியாபாரத்தில் விலையை முதலில் சொல்லலாமா என்று உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?

ஐ.டி.ஐ. மாணவர், மெணசி: திரும்பும்போது குதிகாலில் திரும்பணுமா, பாதத்தின் முன்பகுதியில் திரும்பணுமா? ரெண்டு மாஸ்டர் ரெண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

ரெண்டு பேரும் சரி. குதிகாலில் திரும்பினால் காலும் இடுப்பும் ஒரே துண்டாகத் திரும்பும், நிலை உறுதி. பாதத்தின் முன்பகுதியில் திரும்பினால் வேகம், அடுத்த அடிக்குத் தயார். எந்த மாஸ்டரிடம் நிற்கிறீர்களோ அவர் சொல்வதைச் செய்யுங்கள். முட்டியில் மட்டும் திரும்பாதீர்கள், அது எந்த மாஸ்டரும் சொல்லாதது.

ஒரு தாய், பொம்மிடி: மகன் ஒரு வருடமாக க்ளாஸுக்குப் போகிறான். இப்போது முட்டி வலி என்கிறான். நிறுத்திவிடவா?

அவசரப்படாதீங்க அம்மா, அசட்டையாகவும் விடாதீங்க.

முட்டி பெரும்பாலும் கதவுக் கீல் வேலைதான் செய்யும். மடங்கும், நீளும். திரும்புகிற வேலை இடுப்பு மூட்டுடையது, அது குழிக்குள் பந்து. பாதம் தரையில் ஒட்டிக்கொண்டிருக்க, மேலே உடம்பு மட்டும் திரும்பினால் முறுக்கு முழுவதையும் முட்டி வாங்குகிறது. வலி அங்கேதான் பிறக்கிறது. பையனை நிற்கச் சொல்லி எதிரில் உட்கார்ந்து பாருங்கள். முட்டி, பாதத்தின் இரண்டாம் விரல் இருக்கும் திசையைப் பார்க்கிறதா, உள்ளே சரிகிறதா? சரிந்தால் மாஸ்டரிடம் காட்டுங்கள். நல்ல மாஸ்டர் அன்றைக்கே நிலையை உயர்த்தித் திருத்துவார்.

வீக்கம் இருந்தால், முட்டி பூட்டிக்கொண்டால், படி இறங்கும்போது நழுவினால் எலும்பு டாக்டரைப் பாருங்கள். மஞ்சள் நம்மூரில் விளைகிறது என்பதற்காகப் பற்றுப் போட்டுக் கிழிந்த ஜவ்வை ஒட்ட முடியாது.

கல்லூரி மாணவர், தர்மபுரி: “இன்னும் கீழே, இன்னும் கீழே” என்று உட்கார வைக்கிறார்களே, ஒகினாவாவில் இப்படித்தானா?

இல்லை. ஒகினாவாவின் பழைய நிலைகள் உயரமானவை. அங்கத்து ஆசான் இதோசு அங்கோ பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பினான் கட்டாக்களை, அதாவது பயிற்சி வரிசைகளை, உருவாக்கியபோதும் தொடை தரையைத் தொடவில்லை. ஒகினாவாக்காரர் ஃபுனகோஷி கிச்சின் 1922-இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டினார், அதன் பிறகு அங்கேயே தங்கிவிட்டார். அடுத்தடுத்த ஆண்டுகளில் அவர் மகன் யோஷிதாகாவும் சீடர்களும்தான் நிலைகளை நீட்டினார்கள், தாழ்த்தினார்கள்.

ஆழம் கால் வலுவுக்கு. ஆபத்துக்கு உயரமே போதும்.

அதே மாணவர்: அப்படியானால் தாழ நிற்பது வீணா?

பரீட்சைக்கு வராத கணக்கையும் போட்டுப் பார்ப்பவன்தான் நூற்றுக்கு நூறு வாங்குவான். உட்காருங்க.

பச்சை பெல்ட் மாணவர், அ. பள்ளிப்பட்டி: முன்னே போவது வருகிறது. பின்வாங்கிக் கோகுட்ஸு தாச்சியில் நிற்கும்போது தள்ளாடுகிறேன்.

தோளால் பின்வாங்குகிறீர்கள். அங்கே எடையில் 70 பங்கு பின்காலில் இருக்கணும். முன்பாதம் தரையைத் தள்ளும் முன்பே பின்முட்டி இளகி, வரப்போகிற எடையை ஏற்கத் தயாராகணும். முட்டி இளகாவிட்டால் முதுகு வளையும், குதிகால் தூக்கும், நீங்கள் எனக்குக் கேள்வி எழுதுவீர்கள்.

அதே மாணவர்: பூனைக்கால் நிலையில் முன்கால் சும்மா தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறதே, எதற்கு?

நேகோ ஆஷி தாச்சியில் 90 பங்கு எடை பின்னால். முன்காலில் சுமை இல்லை. சுமை இல்லாத கால் யாரையும் கேட்காமல் உதைக்கும்.

பள்ளி ஆசிரியர், பாப்பிரெட்டிப்பட்டி: கிபா தாச்சியில் (குதிரை நிலையில்) பக்கவாட்டில் காலைக் குறுக்கே வைக்கும்போது தடுக்குகிறது. டெக்கி கட்டாவே வேண்டாம் என்று தோன்றுகிறது.

எடையை ஒரு காலுக்கு மாற்றிய பிறகுதான் மற்றதைத் தூக்கணும். நீங்கள் தூக்கிவிட்டு மாற்றுகிறீர்கள். முட்டி மடங்கியே இருக்கட்டும், குறுக்கே வரும் பாதம் நிற்கிற பாதத்துக்கு முன்னால் ஒட்டினாற்போல வைக்கப்படட்டும்.

மூன்று டெக்கி கட்டாக்களுக்குத் தமக்குப் பத்து ஆண்டு பிடித்ததாக ஃபுனகோஷி எழுதியிருக்கிறார். அவரும் பள்ளி ஆசிரியர்தான். உங்களுக்கு என்ன அவசரம் சார்?

சிலம்ப வாத்தியார், அரூர்: எங்கள் காலடி முறைக்கு முன்னால் இதெல்லாம் எம்மாத்திரம்?

வாத்தியாரே, வணக்கம். உங்கள் காலடி ஓடுகிற கால். கம்பு சுற்றும்போது பாதம் நிற்கவே கூடாது. நின்றால் எதிராளியின் கம்பு வந்து கணுக்காலை விசாரிக்கும். கராத்தே அப்படி இல்லை. அடி முடிகிற நொடியில் நின்று, குதிகாலைத் தரையில் அமுக்கி, தரையின் பலத்தைக் குத்துக்குள் அனுப்புகிறது. கையில் கம்பு இருப்பவனுக்குத் தூரம் முக்கியம், வெறுங்கைக்காரனுக்கு ஊன்றல் முக்கியம்.

ஒரு விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். கம்பைக் கையில் தருவதற்கு முன் காலடி வரிசையைப் போட்டுக் காட்டச் சொல்வது உங்கள் மரபு. கராத்தே க்ளாஸ் பலவற்றில் முதல் நாளே குத்து, இரண்டாம் நாள் உதை, கால் எப்போதாவது. உங்களிடமிருந்து அவர்கள் கடன் வாங்க வேண்டியது இதைத்தான்.

அதே வாத்தியார்: சிலம்பத்துக்கு எப்போது மரியாதை வரும்?

வர ஆரம்பித்துவிட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்தில் எம்.ஜி.ஆர். ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே கம்பு சுற்றியது 1971-இல். இனி பிள்ளைகள் தரையில் இறங்கிச் சுற்றட்டும்.

வாசகர், கடத்தூர்: காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொடுத்ததுதானே கராத்தே?

‘ஏழாம் அறிவு’ 2011-இல் வந்தது, நீங்கள் இன்னும் தியேட்டரிலேயே இருக்கிறீர்கள். போதிதர்மர் தென்னாட்டவர் என்பது பழைய மரபு, அதை மதிக்கிறேன். அவர் பெயரில் உலவும் ‘யீ ஜின் ஜிங்’ என்ற உடற்பயிற்சி நூல் 17-ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்று ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். கராத்தே ஒகினாவாவின் உள்ளூர்க் கைமுறையும் சீனத்து ஃபூஜியான் முஷ்டிக் கலைகளும் கலந்து பிறந்தது.

கைவசம் சிலம்பமும் அடிமுறையும் வர்மமும் இருக்க, பெருமையை ஏன் கடன் வாங்கணும்?

வரலாறு படிக்கும் மாணவி, தர்மபுரி: நம் மாவட்ட நடுகல்களில் வீரர்கள் முட்டியை மடக்கி நிற்கிறார்களே, அதுவும் ஸ்டான்ஸா?

அருமையான கேள்வி கண்ணு, இதுக்காகவே உனக்கு ஒரு புத்தகம் வாங்கித் தரலாம்.

ஆமாம், ஸ்டான்ஸ்தான். வில்லாளிக்கு நான்கு நிலை என்று நிகண்டுகள் அடுக்குகின்றன: பைசாசம், ஆலீடம், மண்டலம், பிரத்தியாலீடம். பரதரின் நாட்டிய சாத்திரம் ஆறு சொல்கிறது: வைஷ்ணவம், சமபாதம், வைசாகம், மண்டலம், ஆலீடம், பிரத்தியாலீடம். மண்டலத்தில் இரு முட்டியும் மடங்கி அகன்று நிற்பதைப் பார்த்தால் கிபா தாச்சிக்காரர் சொந்தம் கொண்டாடுவார். தர்மபுரி அருங்காட்சியகத்துக்குப் போய் ஒவ்வொரு கல்லிலும் எந்த முட்டி மடங்கியிருக்கிறது, எந்தப் பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று வரைந்து பார். உளியைப் பிடித்தவர் கால்களை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பது தெரியும்.

ஒரு குறை. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போனான் என்பதைக் கல் சொல்லாது. அது ஆசானோடு போய்விட்டது.

பத்தாம் வகுப்பு மாணவர், மெணசி: என் தங்கை பரதம் படிக்கிறாள். கிபா தாச்சியில் என்னைவிட நன்றாக நிற்கிறாள். அவமானமாக இருக்கிறது.

அவள் அரைமண்டியில் பழகியவள், தொடை முன்பே சம்மதித்துவிட்டது. ஒரு வித்தியாசம் உண்டு. அரைமண்டியில் தொடை இடுப்பிலிருந்தே வெளியே திரும்பி, பாதங்கள் பக்கவாட்டைப் பார்க்கும். கிபா தாச்சியில் பாதங்கள் முன்னே பார்க்க, முட்டியை மட்டும் வெளியே தள்ளிப் பிடிக்கணும். அதை அவளுக்கு நீ சொல்லிக் கொடு, மற்றதை அவளிடம் கேட்டுக்கோ. வீட்டிலேயே மாஸ்டர் இருக்க, அவமானம் என்ன தம்பி?

வாசகர், பொம்மிடி: கால் மாற்றுவதற்கெல்லாம் மார்க் உண்டா?

உண்டு. உலக கராத்தே சம்மேளனத்தின் கட்டா விதிகளில் நிலைகள் தனி, உத்திகள் தனி, ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு மாறும் அசைவு தனி என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒகினாவாவின் கியுனா ரியோவும் ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸும் கட்டா தங்கம் வாங்கினார்கள். அந்த வீடியோவைச் சத்தத்தை அணைத்துவிட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள். அடுத்து வந்த பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இல்லை. நஷ்டம் பாரிஸுக்கு.

அதே வாசகர்: சண்டைப் போட்டியில் எல்லோரும் துள்ளிக்கொண்டே இருக்கிறார்களே, ஜென்குட்ஸு எங்கே போயிற்று?

துள்ளும்போது குதிகால் தசைநாண் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விசையைச் சேமித்துத் திருப்பித் தருகிறது, அதனால் எந்த நொடியிலும் கிளம்பலாம். குத்து போய்ச் சேரும் கணத்தில் வீடியோவை நிறுத்துங்கள். முன்முட்டி மடங்கி, பின்கால் நீண்டு... யாரென்று அடையாளம் தெரிகிறதா?

டூவீலர் மெக்கானிக், பாப்பிரெட்டிப்பட்டி: புரூஸ் லீ எந்த கராத்தே?

எந்த கராத்தேயும் இல்லை. விங் சுன் கற்றார், ஜீத் குன் டோ உருவாக்கினார். வலுவான கையை முன்னே வைத்து, பின்குதிகாலைத் தூக்கியபடி நிற்பார். போஸ்டரை க்ளாஸ் சுவரில் ஒட்டினால் கராத்தேக்காரர் ஆகிவிட மாட்டார்.

வாசகி, தர்மபுரி: ஷிஹான் ஹுசைனி பற்றி ஒரு வார்த்தை?

2025 மார்ச் 25-இல் மறைந்தார். கராத்தேயும் வில்வித்தையும் ஒருசேரக் கற்பித்தவர். இரண்டிலும் முதல் பாடம் பாதத்தை எங்கே வைப்பது என்பது. மறைவதற்கு முன் தம் உடலையே மருத்துவக் கல்லூரிக்குத் தருவதாக அறிவித்தார். வகுப்பு அப்போதும் முடியவில்லை.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, பாப்பிரெட்டிப்பட்டி: அரசுப் பள்ளியில் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி தருகிறார்கள். மூன்று மாதத்தில் என்னதான் வரும்?

ஒரே ஓர் அடி ஒழுங்காக வந்தால் போதும் கண்ணு. எதிரில் வருகிறவன் நேர்கோட்டில் வருவான். நீ பின்னால் நேராகப் போகாதே. குறுக்காக, சாய்வாக ஓர் அடி விலகு. மணிக்கட்டைப் பிடித்தால் கையால் இழுக்காதே. அவன் கட்டைவிரல் இருக்கும் பக்கமாக, காலை எடுத்து வைத்து முழு உடம்போடு திரும்பு. கையைவிடக் காலுக்குப் பலம் அதிகம், புட்டத் தசைதான் உடம்பிலேயே பெரியது. விடுபட்டதும் கத்து, ஓடு. உதைத்துவிட்டு நின்று வேடிக்கை பார்க்காதே.

1098 குழந்தைகளுக்கு, 181 பெண்களுக்கு, 112 எல்லோருக்கும். கட்டாவோடு சேர்த்து மூன்றையும் மனப்பாடம் செய். பயிற்சியாளர் கையை மட்டும் ஆட்டச் சொன்னால், “கால் எப்போ சார்?” என்று எழுந்து நின்று கேள். கேட்பதற்கு உனக்கு உரிமை உண்டு.

விவசாயி, வாணியாறு அணைப் பக்கம்: வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இப்போது கராத்தே கற்றால் ஊர் சிரிக்குமா?

முதல் அடி வைப்பதற்குள் ஊர் சிரித்து முடித்துவிடும், நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள் அண்ணே. களை எடுக்கக் குந்தி உட்கார்ந்த கணுக்கால் உங்களுடையது, நன்றாக மடங்கும். நாற்காலியிலேயே வளர்ந்த பட்டணத்துப் பையனுக்கு மடங்காது, தாழ்ந்த நிலையில் அவன் குதிகால் தூக்கிக்கொள்ளும். உயரமான நிலையில் தொடங்குங்கள், முட்டிக்குச் சுமை குறையும். எடையை மெதுவாக ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிப் பழகுவது வரப்பில் வழுக்கும் நாளில் கைகொடுக்கும்.

ஃபுனகோஷி கராத்தேயை டோக்கியோவில் காட்டியபோது அவருக்கு வயது 53.

வேலை தேடும் இளைஞர், அரூர்: ஆறு மாதத்தில் பிளாக் பெல்ட் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். சேரலாமா?

மரவள்ளிக் கிழங்கு தோண்டவே எட்டு, பத்து மாதம் ஆகும். முற்றாத கிழங்கை வாங்குவீங்களா?

தனியாகப் பயிற்சி செய்பவர், மெணசி: மாஸ்டர் இல்லாத நாளில் என் அடி சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாதத்தை நனைத்துக்கொண்டு சிமெண்ட் களத்தில் நாலு அடி போங்கள். பிறகு குனிந்து படியுங்கள். முழுப் பாதமும் பதிந்திருந்தால் நல்லது. குதிகால் இல்லாத தடம் என்றால் கெண்டைக்கால் இறுக்கம், அதை நீட்டிப் பழகணும். நிற்கிற பாதத்தின் தடம் விசிறியாக இழுபட்டிருந்தால், அது தேவைக்கு மேல் திருகியிருக்கிறது. தடங்கள் தண்டவாளம் போல் இரண்டு வரிசையில் இருக்கணும். ஒரே கோட்டில் விழுந்தால் கயிற்றின் மேல் நடக்கிறீர்கள், பக்கவாட்டில் ஒரு தட்டு போதும், விழுவீர்கள்.

தடம் காய்வதற்குள் படித்துவிடுங்கள். தர்மபுரி வெயிலுக்குப் பொறுமை கிடையாது.

அதே நபர்: வீட்டில் செய்ய ஒரே ஒரு பயிற்சி?

பாதி வழியில் நில்லுங்கள். நகர்கிற பாதம் நிற்கிற கணுக்காலைத் தொடும் இடத்தில், முட்டி மடங்கியபடி, மூன்று எண்ணுங்கள். அங்கிருந்து முன்னேயும் போக முடியணும், பின்னேயும் வர முடியணும். ஒரு பக்கம் மட்டும்தான் போக முடிகிறது என்றால் நீங்கள் அடி வைக்கவில்லை, விழுந்துகொண்டிருக்கிறீர்கள்.

ஊதா பெல்ட் மாணவி, அரூர்: அப்படி நிறுத்திப் பார்த்தேன். விழுந்தேன்.

எந்தப் பக்கம்? தூக்கிய கால் பக்கம் என்றால் இடுப்பு அந்தப் பக்கம் தொங்குகிறது. நிற்கிற காலின் பக்கவாட்டுப் புட்டத் தசைக்கு வேலை கொடுங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு தினமும் ஒற்றைக்காலில் நில்லுங்கள். நிற்கிற காலின் வெளிப்பக்கம் என்றால் எடையைத் தேவைக்கு மேல் தள்ளிவிட்டீர்கள். முன்னால் என்றால் நெஞ்சு முந்திக்கொண்டது, பின்னால் என்றால் இடுப்பு இன்னும் கிளம்பவில்லை. திசையைக் குறித்து அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்க்கலாம்.